அழ வைத்த படம்

ஜோர்டானின் அம்மான் நகரில் டிவிடி கடை வைத்திருக்கும் காஸிக்கு மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கையாளர், பெரியவர் வஸ்ஃபி. வாரம் ஒருமுறை வருவார். காலத்தில் பின்னோக்கிப் போகும் படமாகக் கேட்பார். காஸி கதையைக் கொஞ்சம் சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுப்பான். மற்ற ஆறு நாளும் அவன் மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

"போன வாரம் குடுத்தது எப்படி, ஹாஜியாரே?"

"செத்துப்போன பொண்டாட்டியத் தேடிப் பின்னால போறானே... அழுதுட்டேன்பா!"

"டிஸ்க் எங்கயும் நிக்கலையா?"

"தண்ணி மாதிரி ஓடிச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஓடலைன்னா மாத்தித் தருவேன்."

"என்னடா, போலீஸ்காரன் மாதிரி குடையுற?"

காஸி தலையைச் சொறிந்தான். "அதுல நான் படமே ஏத்தல, ஹாஜியாரே. வெறும் டிஸ்க். சண்டை போடவாவது மறுநாளே வருவீங்கன்னு பாத்தேன்."

வஸ்ஃபியின் காது சிவந்தது.

"வீட்ல ப்ளேயரே இல்லப்பா. நீ கதை சொல்றதக் கேக்கத்தான் வர்றேன்."

காஸி ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு கிளாஸில் தேநீர் ஊற்றினான்.

"சரி, இன்னிக்கு நீங்க சொல்லுங்க. அவன் பொண்டாட்டியப் பாத்தானா?"

"பாத்தான்" என்றார் வஸ்ஃபி. "இவ்ளோ நேரம் எங்க போனீங்க, சூப் ஆறிப்போச்சுன்னு என்னைத் திட்டினா."