தேங்காய் மணப்பெண்

அக்கா சுகந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், தண்ணீர் கொண்டுவந்து வைத்த தங்கை மாலினியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணம் கூடி வந்ததும் சீர்த்தட்டு அலங்காரம் சுகந்தியின் தலையில் விழுந்தது. “கடையில வாங்குன மாதிரி இருக்கக் கூடாதுக்கா. ஒவ்வொரு தட்டுலயும் உன் கைவண்ணம் தெரியணும்” என்றாள் மாலினி, ஐஸ் வைக்கிற குரலில்.

இருபது தட்டுகளைச் சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். கடைசித் தட்டுக்கு இரண்டு தேங்காய்கள். ஒன்று மாப்பிள்ளை, ஒன்று மணப்பெண். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றில் தண்ணீர் சளக்கென்றது. மற்றதில் சத்தமே இல்லை. உள்ளே அழுகல். தாலி கட்டியதும் சம்பந்தி வீட்டார் முதலில் உடைப்பது மணப்பெண் தேங்காயைத்தான். சபையில் நாறட்டும் என்று அந்த அழுகல் காய்க்கே மஞ்சள் பூசி முகம் எழுதினாள். கறுப்பு நூலில் சடை பின்னி, பூவும் வைத்தாள்.

பார்க்க வந்த மாலினி தட்டின் மேல் குனிந்தாள்.

“இது நான் இல்லையேக்கா. இந்த மூக்கு, மேலுதட்டு மச்சம்... அப்படியே நீதான்.”

சுகந்தியின் விரல் தானாக உதட்டுக்குப் போனது. “கொண்டா, அழிச்சிட்டு வேற காய்ல எழுதுறேன்.”

“வேணாம், அழிக்காத.”

மாலினி தேங்காயைக் கையில் எடுத்தாள். பழக்கதோஷத்தில் காதருகே வைத்து ஆட்டினாள். இன்னொரு முறை ஆட்டினாள். சத்தமே இல்லை. பிறகு அதைத் தட்டில் வைத்து, சாய்ந்திருந்த பூவை நேராக்கினாள்.