கைக்குள் ஒரு மாத்திரை

“மாத்திரையைப் பின்னால ஒளிக்காதீங்க!”

“ஒளிப்பேன். ஒரு நாள் விட்டா குடி முழுகிடாது.”

“முழுகும்! மறுபடி ரத்தம் கட்டி மூளையை அடைச்சிடும்னு டாக்டர் சொன்னார்ல? அன்னிக்குக் காதைக் கழட்டி வீட்டிலயே வச்சுட்டு வந்தீங்களா?”

“அவர் சும்மா பயமுறுத்துவார்.”

“உங்களுக்குப் பயமில்ல. எனக்கு இருக்கு! இன்னொரு தடவை வந்தா இந்த வீடு தாங்குமா?”

வெளியூரிலிருந்து வந்த மகள் படியேறும்போதே இந்தச் சண்டையைக் கேட்டாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

“அப்பா! அது... அது அம்மா குரலா?”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

மாத்திரை அம்மாவுடையது. பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அவள் வாயில் ‘தா’ என்ற ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது. “கேட்கும் முன்னாடியே எதையும் எடுத்து நீட்டாதீங்க. வாயைத் திறந்து கேட்க வைங்க” என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் சொல்லியிருந்தார். அதற்காகவே அப்பா தினமும் மாத்திரை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இப்படி வம்பிழுத்து வந்தார். நேற்றுவரை இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வந்ததில்லை.

“இன்னிக்குக் கேட்கலைம்மா, என்னை வெளுத்து வாங்கிட்டா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே மாத்திரையை அம்மாவின் கையில் வைத்தார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். தண்ணியை யாரு, அந்த டாக்டரா வந்து தருவாரு?”