காலை விடாத மணி

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்க்குள், மணல்போல் பொடியான பழைய மணியும் புது மணியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மேலிருந்து கலங்கலாக இறங்கும் கரைசலில், நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை மட்டும் காலைப் பிடித்து நிறுத்தி, அழுக்கு போனதும் மருந்துப் புட்டிக்கு அனுப்பிவைப்பதுதான் இரண்டுக்கும் வேலை.

அன்று ஆளுக்கொரு ஆன்டிபாடி சிக்கியது. அழுக்கு போனதும், பிடியை விடவைக்க லேசான அமிலம் கலந்த தண்ணீர் வந்தது. விஞ்ஞானிகள் புது மணியின் கையைத் திருத்திச் செய்திருந்ததால், அது உடனே பிடியை விட்டது.

"போயிட்டு வரேங்க," என்று அதன் ஆன்டிபாடி கிளம்பியது.

"இப்படியா அனுப்புவே? பாசமே இல்லாத ஜென்மம்," என்றது பழைய மணி.

அதன் பிடியில் இருந்த ஆன்டிபாடி கெஞ்சியது. "அங்க நோயாளி காத்திருக்காருங்க. நானும் கிளம்பட்டுங்களா?"

"இப்பத்தானே வந்தே. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று பழைய மணி இன்னும் இறுக்கிப் பிடித்தது.

கடைசியில் கடும் அமிலத்தை ஊற்றினார்கள். பழைய மணி வேண்டாவெறுப்பாகக் கையை எடுத்தது. ஆன்டிபாடி உடம்பு சுருண்டு, கால் கோணி, நொண்டிக்கொண்டே நகர்ந்தது.

பழைய மணி அதை மேலும் கீழும் பார்த்தது.

"இந்தக் காலோட எப்படிப் போவே? வா, வந்து உட்காரு. நாளைக்குப் போகலாம்."