புத்தகத்தில் உள்ளபடி

பனி விழுந்துகொண்டே இருந்தது.

அவள் சுட்டுவிரலால் தொட்டு, போனில் ஓடிய படத்தை நிறுத்தினாள். கீழே நின்ற தமிழ் எழுத்தைக் கூட்டினாள். மறுபடி தொட்டாள். மறுபடி பனி.

மற்றவர்களுக்கு இருபத்து நாலு நிமிடப் படம். அவளுக்கு ஒன்றரை மணி நேரம்.

பக்கத்தில் ராசகனி அக்கா, மடியில் புகையிலைத் தூள் பரப்பிய சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரையில் கண் போய் நாலு வருடம். இலையை வெட்டிக் கொடுத்தால் போதும். மீதியை அக்காவின் விரல்களே பார்த்துக்கொள்ளும்.

படம் பேசுவது ஜப்பான் பாஷை. அவள் எழுத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அக்கா கேட்பாள்.

“அம்மைக்காரி குரல் கொமரிப்பிள்ள குரலா இருக்கே. இவளா மீன் அறுக்கா?”

“பொம்மைப் படத்துல அப்படித்தாங்க்கா.”

“இப்ப என்னளா செய்யுதா?”

“சோறு வைக்கா. ரெண்டு கிண்ணத்துல.”

இன்றைக்குக் கடைசிப் பகுதி.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இது புத்தகமாக இருந்தது. நூலகத்தில் எடுத்தது. வாசித்தவள் ராசகனி அக்கா. ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தி கதை வாசிப்பாள். அவள் சுற்ற வேண்டியதை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கடலோர ஊர். மீனுக்கு உப்புப் போட்டுப் பிழைக்கிற ஒரு அம்மா. பதினாறு வயதில் சொல்லாமல் கப்பலேறிப் போன மகன், ஹருவோ. தினமும் அவனுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் சோறு.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது அவளுடைய மகன் சுடலைமணி வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம்.

அவனுக்கும் பதினாறு.

கடைசி அத்தியாயத்தன்று அக்காவுக்கு வாசிப்பு நின்று நின்று வந்தது.

“என்ன யக்கா, இன்னைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிய?” என்று யாரோ கேலி செய்தார்கள்.

அக்கா தண்ணீர் குடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

ஹருவோ வந்துவிட்டான். வாசலில் நின்று தலையிலிருந்த பனியை உதறினான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு ஆறிவிட்டது, சூடு பண்ணுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அன்றைக்குப் பீடி குறைந்தது.

அந்த வாரம்தான் ஊர்க்காரர் ஒருவர், மணியைப் பம்பாயில் ஒரு பேக்கரியில் பார்த்ததாக வந்து சொன்னார். அவளுடைய தம்பி உடனே பையை எடுத்துவிட்டான். போய்க் கூட்டி வருகிறேன் என்றான்.

“வேண்டாம்டே. இழுத்துட்டு வந்தா நிக்க மாட்டான். அவனா வருவான்.”

அவ்வளவு நிச்சயமாக அவள் எதையும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி போனபோது அங்கே பேக்கரி இல்லை.

அக்காவின் கண் போன பிறகு வாசிக்க ஆளில்லாமல் போயிற்று. அவள் முதியோர் வகுப்புக்குப் போனாள். நாற்பத்தேழு வயதில் ‘அ’ போட்டாள். கத்தரி பிடித்துக் காய்த்த விரல் பென்சிலுக்கு வளையவில்லை. இரண்டு வருடம் ஆனது.

இந்தத் தை மாதம் அதே புத்தகத்தை எடுத்து வந்தாள். அக்காவிடம் சொல்லவில்லை. முழுதாக வாசித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், முடிந்தால் இரண்டு. ஆனியில் கடைசி அத்தியாயம் வந்தது.

ஹருவோ வரவில்லை.

தனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள். திரும்பவும் கூட்டினாள். பிறகு நூலகரிடம் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள்.

அவரும் அப்படித்தான் வாசித்தார்.

அன்று முதல், இலை வெட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி நாக்கு வரை வரும். நீ வாசித்ததை நம்பித்தானே நான் பிள்ளையைத் தேடாமல் இருந்தேன்.

வெட்டிய இலையை எண்ணிக் கொடுப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி மகள் வந்தாள். உனக்குப் பிடித்த கதையை அனிமேவாக எடுத்திருக்கிறார்கள் அத்தை என்று போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

பத்துப் பகுதி பார்த்தாயிற்று. அம்மாவுக்கு வயதைக் குறைத்துவிட்டார்கள். கையில் உப்பு அரித்த புண்ணைக் காணோம். மற்றபடி பனி, வலை, கிண்ணத்து விளிம்பின் விரிசல், எல்லாம் எழுதியிருந்தபடியே. எடுத்தவன் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்திருக்கிறான்.

கொஞ்சம் மாற்றி எடுத்திருக்கலாம்.

திரையில் அம்மா தன் கிண்ணத்துச் சோற்றைச் சாப்பிட்டாள். மற்றக் கிண்ணத்துச் சோற்றையும் அவளே சாப்பிட்டாள். இரண்டையும் கழுவினாள். ஒன்றை மட்டும் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

விளக்கை அணைத்தாள்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. பாட்டு மட்டும் கேட்டது.

அக்காவின் விரல்கள் நின்றன. பாதி சுருட்டிய இலை விரிந்து, தூள் சுளவில் கொட்டியது.

“முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு.”

“பையன் வந்தானா?”

வந்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போயிற்று.

“வரலக்கா.”

அக்காவின் முகம் அவள் பக்கம் திரும்பியது. பார்வை அவளுக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரில் நின்றது.

“புத்தகத்துல வந்தானேளா,” என்றாள். குரல் எழும்பவில்லை. “படத்துலதான் மாத்திட்டானுவ போல.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொட்டிய தூளை விரல் நுனியால் ஒன்றுசேர்த்தாள். அக்காவின் சுளவில், அக்காவின் கைக்குப் பக்கத்தில். சேர்த்து முடிக்க நேரம் எடுத்தது.

“ஆமாக்கா,” என்றாள். “நல்ல கதையைக் கெடுத்துட்டானுவ.”