நிலாவரை அரைத்த நாட்கள்

ஐம்பத்துநாலாம் வருஷம், பெங்களூர் மல்லேஸ்வரத்தில், என் கணவருக்கு மலச்சிக்கல். ஊறவைத்த திராட்சை, விளக்கெண்ணெய் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பிறகு ஆறு மாதம் நிலாவரை இலையை அரைத்துக் கொடுத்தேன்.

காலையில் கொல்லைக் கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்: “ஏன்னா, போச்சா?”

“பேஷா போச்சு! உன் நிலாவரை ஜெயிச்சுடுத்து.”

அவர் இளைத்தபோது, “டாக்டர்கிட்டே போலாமே?” என்றேன்.

“நீ இருக்கச்சே டாக்டர் எதுக்குடி?”

தை பிறக்கும் முன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், கக்கூஸ் அள்ள வரும் எல்லம்மா பின்சந்தில் நின்று அழுதாள். அவளோடு அதுவரை நான் பேசியதே இல்லை.

“தெனம் ரத்தம்தாம்மா. டாக்டரு எப்பவோ கைவிட்டுட்டாராம். உங்களாண்ட சொல்லக்கூடாதுன்னு ஐயா சத்தியம் வாங்கிட்டாரு.”

“ஏன்?”

“‘அம்மா நம்பி அரைக்குறாங்க, அரைக்கட்டும்’னாரு.”