பழுது நீக்கிய கூந்தல்

அழுத அழுகையெல்லாம் முடியில் பதிந்திருக்கும் என்று தாய்மாரின் தலைமுடியைச் சோதித்து, துயரம் மிகுந்தவர்களின் பிள்ளைகளைக் காப்பகம் தன்னிடம் வைத்துக்கொண்டது. கணவன் இறந்த ஆண்டில் அல்போன்சாவின் மகளையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். மறுசோதனைக்கு முன், துயரம் தெரியாதிருக்க, அல்போன்சா அழகு நிலையத்தில் பிளவுபட்ட நுனிகளை வெட்டி, எஞ்சிய கூந்தலைப் பழுது நீக்கிக்கொண்டாள்.

காப்பக அதிகாரி முடியைச் சோதித்த கருவியைப் பார்த்தார். "பிள்ளையப் பிரிஞ்ச வருத்தமே இதுல இல்லையேம்மா. பாசமில்லாத வீட்டுக்கு எப்படி அனுப்ப?"

"அழுத முடிய வெட்டிப் போட்டுட்டேன் சார். இருங்க, எடுத்தாறேன்!"

ஓடினாள். அழகு நிலையத்து ஜான்சி குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். பல பெண்களின் முடி ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தது.

"இதுல உங்க முடிய எப்படிக்கா கண்டுபிடிக்க?"

அல்போன்சா மண்டியிட்டு முந்தானையை விரித்தாள்.

"எல்லாத்தையும் அள்ளிப் போடுட்டி. அழாதவ முடி ஒண்ணாச்சும் இதுல இருக்கா?"