ஐந்து நாள் ராஜ்ஜியம்

மனைவி பத்மாவதியை நேற்று சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டதிலிருந்து ஏகாம்பரத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. காலை எட்டு மணிக்கே டீப்பாய் மேல் காலை நீட்டி, கூடத்திலேயே சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். டி.வி.யில் கிரிக்கெட் அலறியது. அவள் இருந்தால் இதில் ஒன்றும் நடக்காது.

"அம்மா இல்லீங்களா?" என்றபடி நெசவுக்காரி ரங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"மெட்ராஸ் போயிருக்கா. அஞ்சு நாளைக்கு நிம்மதி! இன்னா விஷயம்?"

ரங்கம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "கால்வா அடைச்சிகினு தறிக்குழியில தண்ணி ஏறுதுங்க. மனுவுல கவுன்சிலர் கையெழுத்து வேணும்."

"குடு இப்படி. இந்த வார்டுல என் பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது." படித்துக்கூடப் பார்க்காமல் பச்சை மையில் நீளமாக இழுத்தார். "முனிசிபல் ஆபீஸ்ல கவுன்சிலர் அனுப்புனாருன்னு சொல்லு. ஜல்தியா ஆள் வரும்."

மதியம் அவள் திரும்பி வந்தாள்.

"இன்னா, ஆள் வந்தாச்சா?"

"வந்து அடைப்பு எடுத்துகினு கீறாங்க."

"பாத்தியா, என் கையெழுத்துக்கு இருக்கிற மரியாதைய!"

"அது செல்லாதுன்னுட்டாங்க. ஜெயிச்சவங்க போடணுமாம், வூட்டுக்காரரு போடக் கூடாதாம். அப்புறம் டிரெய்னிங்ல கீற நம்ம கவுன்சிலரம்மாவுக்கே போன் போட்டுக் குடுத்தாங்க. பத்மாவதியம்மா பேசினதும் ஆள் கிளம்பிடுச்சி."

ஏகாம்பரம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்லீங்க. கால்வாயப் பத்திதான் கேட்டாங்க."